பழைய பெட்ரோல் கார் புகைப் பரிசோதனையில் தேறவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

வண்டி தேறவில்லை என்று சீட்டு கைக்கு வந்ததும், பெரும்பாலோர் உடனே பாகங்களை மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் பிளக், அப்புறம் ஏர் ஃபில்டர், அதிலும் தீரவில்லை என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் பாகம்). இந்த மூன்றில் விலை கூடியது கன்வெர்ட்டர்தான். பல வண்டிகளில் அதில் கோளாறே இருந்திருக்காது. அப்படியே செத்திருந்தாலும் வேறொரு பழுதுதான் அதைக் கொன்றிருக்கும். அந்தப் பழுதை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்ச் சேரும்.

எதையும் வாங்கக் கிளம்புமுன் அந்தச் சீட்டை உட்கார்ந்து படியுங்கள். அதிலுள்ள எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் 'கூடுதல்', 'குறைவு' என்பது மட்டும்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தால் என்ஜினில் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதே தெரிந்துவிடும். தேறியதா இல்லையா என்று ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுத்தால், அளவுகளை அச்செடுத்துத் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன

கார்பன் மோனாக்சைடு சதவீதத்தில் வரும். பெட்ரோல் எரியத் தொடங்கி, ஆக்சிஜன் போதாமல் பாதியில் நின்றுபோனதன் மிச்சம் இது. இது ஏறியிருந்தால் கலவை ரிச், அதாவது இருக்கிற காற்றுக்குப் பெட்ரோல் அதிகம்.

ஹைட்ரோகார்பன் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் வரும். எரியாமலே வெளியேறிய பெட்ரோல், சில வேளை ஆயில். தீப்பொறி சரியில்லாவிட்டாலும் ஏறும், கலவை ரிச்சானாலும் ஏறும், மிகவும் லீனாகி, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், எரிய முடியாமல் போனாலும் ஏறும். அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஆக்சிஜன் என்பது செலவாகாமல் மிஞ்சிய காற்று. கார்பன் டை ஆக்சைடு என்பது பெட்ரோல் முழுதாக எரிந்ததற்கான சான்று. ஆரோக்கியமான என்ஜினில் இது 13 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். சில சீட்டுகளில் லாம்டா என்றும் ஓர் எண் இருக்கும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவு சரியாக இருந்தால் லாம்டா 1. அதற்குக் கீழே ரிச், மேலே லீன்.

கன்வெர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் வண்டி நன்றாக டியூன் ஆகியிருந்தால், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 1 முதல் 2 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 200, 300 பிபிஎம் அளவிலும் நிற்கும். கன்வெர்ட்டர் வேலை செய்யும் வண்டியில் கார்பன் மோனாக்சைடு 0.3-க்குக் கீழும், ஹைட்ரோகார்பன் 100-க்கு நன்றாகக் கீழும் இருக்க வேண்டும். சட்டம் சொல்லும் வரம்பு ஊருக்கு ஊர், வண்டியின் வயதுக்கு வயது மாறும். நான் இங்கே சொல்வது என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்கும் அளவு மட்டுமே.

பழுதே இல்லாமல் தோற்கும் வண்டிகள்

ஆறிய என்ஜினோடு வரிசையில் போய் நின்றாலே தோற்க வாய்ப்பு உண்டு. கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250, 300 டிகிரி செல்சியஸ் சூடான பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். ஆக்சிஜன் சென்சாரும் 300 டிகிரியைத் தாண்டினால்தான் சரியாகப் பேசும். குளிர்ந்த என்ஜினில் சோக்கும் கம்ப்யூட்டரும் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டி விடும். பரிசோதனைக்கு முன்னால் இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐடிலில் விட்டுச் சூடாக்குவது போதாது. ஐடிலில் சைலன்சருக்குப் போகும் வெப்பம் மிகக் குறைவு. வரிசை நீண்டிருந்தால் பாதுகாப்பான திறந்த இடத்தில் என்ஜினை ஓடவிட்டபடியே நில்லுங்கள், உங்கள் முறை வருவதற்குச் சற்று முன் 2500 ஆர்பிஎம் அளவுக்கு ஓரிரு நிமிடம் பிடியுங்கள். ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

ஆயிலையும் கவனியுங்கள். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் பெட்ரோல் ஆயிலோடு கலந்துவிடும். என்ஜின் சூடானதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகி, பிசிவி வால்வு (ஆயில் அறையின் ஆவியை என்ஜின் இழுக்கும் வால்வு) வழியாக மறுபடி சிலிண்டருக்கே வரும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், வேறு எதையும் தொடுமுன் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் அதையும் சேர்த்து.

ஒரு எச்சரிக்கை. கீழே வரும் பல சோதனைகளில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மூடிய கொட்டகைக்குள் ஒருபோதும் செய்யாதீர்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வண்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டு வாருங்கள்.

கார்பன் மோனாக்சைடு கூடுதல், ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை

இது தெளிவான ரிச் கலவை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை கறுப்பாக, உலர்ந்த கரியோடு இருக்கும். பெட்ரோல் எங்கிருந்து கூடுதலாக வருகிறது என்பதுதான் கேள்வி.

கார்புரேட்டர் வண்டியானால் முதலில் சோக். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சோக் தகடு நெட்டுக்குத்தாக, முழுதாகத் திறந்து நிற்க வேண்டும். கேபிள் கொஞ்சம் பிடித்துக்கொண்டு தகடு கால்வாசி மூடியிருந்தாலே சீட்டு கெட்டுவிடும்.

அடுத்து ஐடில் மிக்ஸர் ஸ்க்ரூ, அதாவது ஐடிலில் கலவையைச் சரிசெய்யும் திருகு. ஏர் ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும், என்ஜின் சூடாக இருக்கட்டும். ஐடில் வேகத்தைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பொறுங்கள். என்ஜின் நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். ஓர் இடத்தில் என்ஜின் தடுமாறத் தொடங்கும். அங்கிருந்து வெளியே திருகினால் ஆர்பிஎம் ஏறி ஓர் உச்சத்தில் நிற்கும். அந்த உச்சத்திலிருந்து மறுபடி உள்ளே திருகி, வேகம் 20, 30 ஆர்பிஎம் மட்டும் இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஐடில் வேகத்தை மறுபடி சரிபாருங்கள். சில கார்புரேட்டர்களில் அந்த ஸ்க்ரூ பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் கட்டுப்படுத்தும். அங்கே திசை நேர்மாறு.

இப்போது முக்கியமான சோதனை. ஸ்க்ரூவை முழுதாக உள்ளே திருகியும் (மெதுவாக, இறுக்கினால் முனை கெட்டுவிடும்) என்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் பெட்ரோல் ஐடில் பாதையை விட்டு வேறு வழியாக வருகிறது. இனி அந்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐடிலில் மெயின் நாசிலிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டம்) உயர்ந்திருக்கிறது, அல்லது நீடில் வால்வு தேய்ந்து சரியாக மூடவில்லை. சொட்டவில்லை என்றால், ஐடில் வேகத்தைக் கூட்டுவதற்காக யாரோ த்ராட்டில் ஸ்க்ரூவை அதிகமாகத் திருகிவைத்து, தகடு அடுத்த துளையைத் திறந்துவிட்டிருக்கலாம். பவர் வால்வு உள்ள கார்புரேட்டரில் அதன் டயாஃப்ரம் கிழிந்தாலும் இதே நிலைதான். காற்றுக்கான சிறு ஜெட்டுகள் பிசின் படிந்து அடைத்திருக்கவும் கூடும். நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டியில் இதை முதலிலேயே சந்தேகப்படலாம்.

இன்ஜெக்‌ஷன் வண்டியானால் (கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி), நான் முதலில் கை வைப்பது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரில். என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று இது தவறாகச் சொன்னால், கம்ப்யூட்டர் கடைசி வரை பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டு மீட்டர் சூடு சரியாகக் காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள்; பல பழைய வண்டிகளில் மீட்டருக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொன்று. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டு மூன்று கிலோ ஓமும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கமும் காட்டும். சூடான பிறகும் ஆயிரக்கணக்கில் ஓம் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. சென்சார் சரியாக இருந்தும் என்ஜின் உண்மையிலேயே சூடாகாமல் இருந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது.

அடுத்தது ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர். வேக்குவம் ஹோஸ் உள்ள ரெகுலேட்டரானால், என்ஜின் ஓடும்போது அந்த மெல்லிய ஹோஸை இழுத்துக் கழற்றுங்கள். ஹோஸின் உட்புறம் உலர்ந்திருக்க வேண்டும். விரலில் ஈரம் பட்டாலோ பெட்ரோல் வாடை வந்தாலோ உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் நேராக இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) ஒழுகிக்கொண்டிருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை இது. சூடான பாகங்கள் பக்கத்தில் பெட்ரோல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை இரண்டும் நன்றாக இருந்தால், ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தபடி சிக்கிய கேனிஸ்டர் பர்ஜ் வால்வு (டேங்க் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடும் வால்வு), வயதான ஆக்சிஜன் சென்சார் என்ற வரிசையில் பாருங்கள். பர்ஜ் வால்வைச் சோதிப்பது சுலபம்: அதிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸை விரலால் நசுக்குங்கள், கார்பன் மோனாக்சைடு இறங்கினால் வழி தெரிந்துவிட்டது. பிசிவி வால்வை வால்வு கவரிலிருந்து கழற்றி வெளிக்காற்றை இழுக்கவிட்டால் அளவு சட்டென்று பெரிதாக இறங்குகிறதா? அப்போது கோளாறு, மேலே சொன்ன பெட்ரோல் கலந்த ஆயிலில்.

ஆக்சிஜன் சென்சாருக்குச் சோதனை இது. சூடான என்ஜினை 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு சிக்னல் வயரை அளந்தால், வழக்கமான ஜிர்கோனியா சென்சாரில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே பத்து வினாடிக்குள் பல முறை ஊசலாட வேண்டும். சோம்பலாக அசைந்தாலோ ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் எப்போதும் 0.9 பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால் அது பொய் சொல்லவில்லை. கலவை ரிச் என்ற உண்மையைத்தான் சொல்கிறது. அதை மாற்றிப் பலன் இல்லை.

ஹைட்ரோகார்பன் கூடுதல், கார்பன் மோனாக்சைடு குறைவு, ஆக்சிஜன் கூடுதல்

பெட்ரோலும் காற்றும் சேர்ந்தே எரியாமல் வெளியே வருகின்றன. என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது. சைலன்சர் முனைக்குப் பின்னால் உள்ளங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். காற்று ஒரே சீராக வராமல் நடுநடுவே விட்டு விட்டு வந்தால், ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

தீப்பொறிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பிளக் இடைவெளி கையேட்டில் உள்ளபடி இருக்கிறதா, முனை தேய்ந்து உருண்டையாகிவிட்டதா, வெள்ளைப் பீங்கானில் விரிசல் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிளக் வயர்களின் ரெசிஸ்டன்ஸை அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நீளத்துக்குத் தக்கபடி வித்தியாசம் இருக்கும், ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கருங்கோடு தெரியலாம். மின்சாரம் குறுக்கே பாய்ந்து பாய்ந்து போட்ட தடம் அது. துடைத்தால் போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டால், கசியும் வயர்களில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். அப்போது எதையும் தொடாதீர்கள்.

எந்த சிலிண்டர் என்று பிரிக்க, ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் ஆர்பிஎம் இறங்கும். கழற்றியும் ஒன்றும் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே படுத்திருக்கிறது. கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் பிளக் வயரைக் கழற்றி இந்தச் சோதனையைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, தேன்கூடு போன்ற உள்பாகத்தையே உருக்கிவிடும்.

தீப்பொறி நன்றாக இருந்தால் வேக்குவம் கசிவைத் தேடுங்கள். அளவு கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவை லீனாகி, எரிய மறுக்கிறது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஐடிலில் எண்கள் மோசமாகவும் 2500 ஆர்பிஎம்மில் ஓரளவு நன்றாகவும் இருக்கும். ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் அதே ஓட்டை அளவில் அடங்கிவிடும். காற்றை நேரடியாக அளக்காமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டிகளில், லீன் ஆவதற்குப் பதில் ஐடில் வேகம் ஏறி நிற்கும்.

பழைய ரப்பர் ஹோஸ்களை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், பிசிவி ஹோஸின் அடிப்பகுதி, இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகியவை வழக்கமான இடங்கள். ஹோஸை ஒவ்வொன்றாக நசுக்கி, என்ஜின் சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். எரியக்கூடிய கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு; சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் பொறி கசியும் வயரிலும் அது தீப்பிடிக்கும். புகை அடித்துச் சோதிக்கும் கருவி கிடைத்தால் அதுதான் நல்லது.

இரண்டும் சரி, ஆனாலும் ஒரு சிலிண்டர் எழுந்திருக்கவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம், பார்க்கும் நேரம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங்கு, ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றதும் ஹெட்டைக் கழற்றிவிட வேண்டாம். டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) முதலில் பாருங்கள். எக்ஸாஸ்ட் டேப்பட் இறுகிப்போய் வால்வு முழுதாக மூடாமல் இருந்தால், வால்வு கருகுமுன் பிடித்துவிட்டால் இடைவெளி வைத்தே சரிசெய்யலாம்.

இரண்டும் கூடுதல்

கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்து ஏறியிருந்தால் ஆக்சிஜன் எண்ணைப் பாருங்கள். ஆக்சிஜன் குறைவு என்றால் கலவை அளவு மீறி ரிச். மேலே சொன்ன ரிச் பகுதிக்குப் போங்கள்.

ஆக்சிஜனும் சேர்ந்து ஏறியிருந்தால்தான் விஷயம் சிக்கல். ரிச்சாக ஓடும் என்ஜினில் ஆக்சிஜன் மிஞ்சவே கூடாதே? நடப்பது இது. ஒரு பிளக் வயர் கெட்டு ஒரு சிலிண்டர் மிஸ்ஸாகிறது. அந்த சிலிண்டர் இழுத்த காற்று அப்படியே சைலன்சருக்குள் போகிறது. வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு 'கலவை லீன்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. எரியாத பெட்ரோலை அதனால் உணர முடியாது, ஆக்சிஜன் மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் அதை நம்பி எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற மூன்று சிலிண்டர்களும் ரிச்சாகி, கார்பன் மோனாக்சைடும் ஏறிவிடுகிறது. சீட்டைப் பார்த்தவர் ரிச் என்று இன்ஜெக்டரைக் கழற்றுவார். பழுது ஒரு வயரில் இருக்கும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ அதன் கேஸ்கட்டிலோ சிறு விரிசல் இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் இதே ஏமாற்றம் நடக்கும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கிப்போகும் சத்தம் அந்த விரிசலுக்கு அடையாளம்.

எல்லாமே குறைவு, ஆக்சிஜன் மட்டும் கூடுதல்

கார்பன் டை ஆக்சைடு 13-க்கு நன்றாகக் கீழே, ஆக்சிஜன் மிக அதிகம், என்ஜினோ சீராக ஓடுகிறது. இது என்ஜின் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. சைலன்சரில் ஓட்டை இருக்கிறது, அல்லது சோதனைக் குழாயை முழுதாக உள்ளே விடவில்லை. ஓடும் என்ஜினில் சைலன்சர் வாயைத் தடித்த துணியால் சில வினாடி அழுத்திப் பிடித்தால் இணைப்புகளில் 'உஸ்' என்று கசிவது கேட்கும். கைக்குத் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஐடிலில் தேறுகிறது, 2500-இல் தோற்கிறது

ஐடில் ஸ்க்ரூவுக்கு இதில் சம்பந்தமில்லை. கார்பன் மோனாக்சைடு ஏறினால் ஏர் ஃபில்டர், தவறான அளவு மெயின் ஜெட், கூடுதல் ஃப்யூயல் பிரஷர் ஆகியவற்றைப் பாருங்கள். ஹைட்ரோகார்பன் ஏறினால் ஸ்பார்க் அட்வான்ஸ் (வேகம் கூடும்போது தீப்பொறி முன்கூட்டியே வருவது) பக்கம் போங்கள்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கலாம், வேக்குவம் யூனிட் கிழிந்திருக்கலாம். நேர்மாறாக ஐடிலில் மட்டும் தோற்றால் ஐடில் மிக்ஸர், வேக்குவம் கசிவு, பர்ஜ் வால்வு, பிசிவி.

நைட்ரஜன் ஆக்சைடு கூடுதல்

வண்டியை உருளையில் ஓட்டி, பாரம் கொடுத்துச் சோதிக்கும் இடங்களில்தான் இந்த எண் பெரும்பாலும் வரும். எரிஅறையில் சூடு மிஞ்சினால் காற்றிலிருக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். முதல் சந்தேகம் ஈஜிஆர் வால்வு (வெளியேறும் புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பும் வால்வு). ஐடிலில் அதன் டயாஃப்ரத்தைக் கையாலோ வேக்குவம் பம்பாலோ தூக்குங்கள். என்ஜின் தடுமாற வேண்டும், அணைந்தே போனாலும் நல்லது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் பாதை கரியால் அடைத்திருக்கிறது. வால்வைக் கழற்றிச் சுரண்டுங்கள், மேனிஃபோல்டுப் பக்கத் துளையையும் மறக்காமல். அது சரியென்றால் இக்னிஷன் டைமிங் முன்தள்ளி இருக்கிறதா, கலவை லீனா, ரேடியேட்டர் அடைப்பா என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நீலம் என்றால் ஆயில். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பெனப் புகைந்து அடங்கினால் வால்வு சீல். ரேஸ் கொடுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங்கு. இரண்டில் எதற்கும் காசு செலவழிக்குமுன் பிசிவி வால்வை ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலானவை 'கடகட' என்று சத்தம் போட வேண்டும். அது அடைத்துக்கொண்டாலும் ஆயில் மேலே ஏறும். என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட் மட்டமும் இறங்கினால் ஹெட் கேஸ்கட். அந்த நிலையில் பரிசோதனையை மறந்துவிட்டு முதலில் என்ஜினைக் காப்பாற்றுங்கள்.

என்ஜின் சுத்தம், சீட்டு மட்டும் அழுக்கு

கலவை சரி, மிஸ்ஸிங் இல்லை, லாம்டா 1-ஐ ஒட்டி நிற்கிறது, ஆனாலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வரம்பைச் சற்றுத் தாண்டியே இருக்கின்றன. இப்போதுதான் கன்வெர்ட்டரைச் சந்தேகப்பட வேண்டும். ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் பீங்கான் உடைந்திருக்கிறது. நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நுழையும் குழாயையும் வெளியேறும் குழாயையும் அளங்கள். வேலை செய்யும் கன்வெர்ட்டரில் வெளியேறும் பக்கம் சூடு கூடியிருக்கும். என்ஜின் மிகச் சுத்தமாக எரிந்தால் இந்த வித்தியாசம் சிறிதாகத்தான் தெரியும் என்பதால், இதை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கன்வெர்ட்டரைக் குடைந்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக ஓட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தக் காற்றை மூச்சில் இழுக்கப் போவது பின்னால் வருகிறவர்களும் தெருவில் நடக்கிற குழந்தைகளும்தான். டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்துகளைப் பற்றியும் கேட்பார்கள். இன்ஜெக்டரில் அழுக்குப் படிந்திருந்தால் நல்ல கிளீனர் கொஞ்சம் உதவும். கிழிந்த டயாஃப்ரத்தையும் வெடித்த ஹோஸையும் எந்த பாட்டிலும் ஒட்டவைக்காது. அதேபோல, சீட்டு வாங்குவதற்காக மட்டும் மிக்ஸர் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி உள்ளே திருகினால், கார்பன் மோனாக்சைடு இறங்கும், லீனாகி மிஸ்ஸாவதால் ஹைட்ரோகார்பன் ஏறும். ஒன்றில் தேறி இன்னொன்றில் தோற்பீர்கள்.

எண்கள் நன்றாக இருந்தும் 'தயாராகவில்லை' என்று திருப்பி அனுப்பினால்

ஓ.பி.டி. இணைப்பு (ஸ்கேனரைச் செருகிப் பழுதைப் படிக்கும் இணைப்பு) உள்ள வண்டிகளில் மட்டும் வரும் சிக்கல் இது. செக் என்ஜின் விளக்கை அணைக்க யாராவது கம்ப்யூட்டரிலுள்ள பழுதுக் குறியீடுகளை அழித்திருந்தாலோ, பேட்டரி வயரைக் கழற்றியிருந்தாலோ, கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளை எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். அவை முடியும் வரை தயாராகவில்லை என்றே காட்டும். குறியீட்டை அழித்துவிட்டு நேராகப் பரிசோதனைக்குப் போவது வீண். ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஐடில், கொஞ்சம் நகர ஓட்டம், சீரான வேகத்தில் நெடுஞ்சாலை ஓட்டம், ஆக்சிலரேட்டரை விட்டுத் தானாக வேகம் குறையவிடுதல் என்று கலந்து சில நாட்கள் ஓட்டுங்கள். டேங்க் காலியாகவோ நிறைந்தோ இருந்தால் பெட்ரோல் ஆவிச் சோதனை ஓடாமல் தள்ளிப்போகும். பாதி அளவில் வைத்திருங்கள். சாதாரண ஸ்கேனரிலேயே எந்தச் சோதனை பாக்கி என்று பார்க்கலாம்.

அந்த ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் எண்ணையும் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) ஒரு கண் பாருங்கள். கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கழித்தல் 20 என்று காட்டினால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை வெட்டிக்கொண்டிருக்கிறது, கூட்டல் 20 என்றால் பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது. விளக்கு இன்னும் எரியாமல் இருக்கலாம், ஆனால் பழுது அங்கேதான் இருக்கிறது. பேட்டரி பலவீனமாக இருந்தால் இந்த ஓட்டத்தைத் தொடங்குமுன்பே மாற்றிவிடுங்கள். நடுவில் கழற்றினால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும்.